எல்லோருக்கும் ஒரே விலாசம்

கணினியைத் தட்டிக்கொண்டிருந்த விற்பனையாளரின் விரல்கள் சட்டென்று நின்றன. திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார். கிளினிக்கில் ரத்தப் பரிசோதனை முடிவைக் கையில் வைத்துக்கொண்டு டாக்டர் இப்படித்தான் பார்ப்பார். 

இந்தத் தொடரில் இந்த வாரம் நான் படிப்பித்த முதல் பள்ளிக்கூடத்தைப் பற்றி எழுதுவதாக இருந்தேன். பேனாவை எடுத்தால் கை அந்தக் கடைக்கே போகிறது. மாதங்கள் ஆகிவிட்டன. இன்னும், உள்ளே வேலை இல்லாத நாளில் அந்தக் கடை வாசலைக் கடக்கும்போது எதிர்ப்பக்க நடைபாதைக்கு மாறிவிடுகிறேன்.

பதுளை டவுனில் பெரிய கடை அது. பெயர் வேண்டாம். தையல் மெஷின், டிவி, வாஷிங் மெஷின் மூன்றையும் அங்கேதான் தவணைக்கு எடுத்தேன். ஒரு தவணைகூடப் பிந்தியதில்லை. சம்பளம் வந்த மறுநாளே, பள்ளிக்கூடம் விட்டதும் நேராகப் போய்க் கட்டிவிடுவேன். வாஷிங் மெஷினுக்குக் கடைசித் தவணை கட்டிய அன்று பழைய மேனேஜர் ஒரு சுவர்க் கடிகாரம் பரிசாகத் தந்தார். இன்றும் எங்கள் வீட்டில் அதுதான் மணி காட்டுகிறது.

அன்றைக்கு நான் போனது ஒரு சின்ன ஃப்ரிட்ஜுக்கு. ஏற்கனவே பார்த்து வைத்திருந்தேன். கதவைத் திறந்தால் புது ரப்பர் வாசம் வந்தது. உள்ளே கையை நீட்டி மேல்தட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் கவுண்டருக்கு வந்திருந்தேன்.

"கொஞ்சம் பிரச்சினையா இருக்கு டீச்சர்," என்றார் விற்பனையாளர். இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும்.

"என்ன பிரச்சினை தம்பி? முந்தி எடுத்தது எல்லாம் கட்டிட்டேனே. பில்லு கையில இருக்கு."

"பில்லு வேணாம். உங்க பேர்ல ஒண்ணுமே இல்ல, சுத்தமா இருக்கு. விலாசம்தான் எடுக்குது இல்ல."

"விலாசத்துக்கு என்ன?"

அவர் குரலைத் தாழ்த்தினார். "இந்த விலாசத்துல நெறைய பேரு கட்டாம விட்டிருக்காங்க டீச்சர். சிஸ்டம் எல்லாத்தையும் ஒரே வீடுன்னு நெனைக்குது."

முன்பெல்லாம் மேனேஜர் முகத்தைப் பார்த்துக் கையெழுத்துப் போடுவார். இப்போது அனுமதி எல்லாம் கொழும்பில் இருந்து வருகிறதாம். முகம் தெரியாத இடத்தில் விலாசம்தான் முகம். என் பின்னால் ஒரு அம்மா ரைஸ் குக்கர் மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார். அந்தச் சத்தம் நின்றது. அவர் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்ததும் எனக்குக் காது சூடானது.

நான் எழுந்தபோது அந்த இளைஞர் ஒன்று சொன்னார். அவரும் என்னைப் போல் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைதானாம், ஹல்துமுல்லைப் பக்கம். "நான் இங்கதான் வேல செய்யுறேன். எனக்கே இந்தக் கடையில ஃபோன் ஒண்ணு எடுக்க முடியல டீச்சர்." ஆறுதலுக்காகத்தான் சொன்னார். எனக்கு அது இன்னும் பயமாக இருந்தது.

தபால் வந்த விதம்

நான் பிறந்த தோட்டம் ஹாலிஎலைக்கு மேலே. தோட்டத்தின் பெயர், கீழ்ப்பிரிவு, ஹாலிஎல: இவ்வளவுதான் விலாசம். லயத்து வரிசை வீடுகளில் எந்தக் காம்பரா அறையில் இருந்தாலும், எந்தக் குடும்பமாக இருந்தாலும், கீழ்ப்பிரிவில் எல்லோருக்கும் இதேதான்.

தபால் முதலில் தோட்டத்து ஆபீசுக்குப் போகும். கிளாக்கர் ஐயா பிரிவு வாரியாகப் பிரித்து வைப்பார். வேலை முடிந்து இறங்குகிற யாராவது அந்தக் கட்டைக் கொண்டுவந்து, தண்ணீர்ப் பைப்படியில் நின்று பெயரை வாசிப்பார்கள். இருக்கிறவர் வாங்கிக்கொள்வார். இல்லாதவருடையது யார் வீட்டுக் கூரை இடுக்கிலாவது செருகப்படும்.

ஆசிரியர் பயிற்சிக்கு என்னைத் தெரிவுசெய்து வந்த கடிதம் என் பெயரையே கொண்ட இன்னொரு செல்வராணியிடம் போய்விட்டது. அவள் புருஷன், ஆங்கிலத்தில் அச்சடித்த கடிதம் என்றால் கோர்ட்டு நோட்டீஸாகத்தான் இருக்கும் என்று பயந்து, அரிசி டின்னுக்குள் ஒளித்துவிட்டான். அரிசி தீர்ந்தபோதுதான் கடிதம் வெளியே வந்தது. அவள் தவிடு ஒட்டிய கடிதத்தோடு ஓடி வந்து, "இந்தா, ஒன் கேஸ நீயே பாத்துக்க," என்றாள்.

வருடக்கணக்கில் அதைச் சொல்லிச் சிரித்தோம். ஒரே விலாசத்தில் ஓர் ஊரே இருப்பது எங்களில் யாருக்கும் விசித்திரமாகப் பட்டதில்லை.

கல்யாணமானதில் இருந்து நான் பதுளையில் வாடகை வீட்டில் இருக்கிறேன். ஆனாலும் விலாசத்தை மாற்றவில்லை. தோட்டத்தை விட்டு வந்த எங்கள் ஆட்கள் பலரும் மாற்றுவதில்லை. கொழும்புக் கடையில் நிற்கிறவன், வெளிநாட்டில் வீட்டு வேலைக்குப் போனவள், எல்லோருடைய பெயரும் லயத்தில்தான் பதிவு. காரணம் காணி. என்றைக்காவது அரசாங்கம் ஏழு பேர்ச், ஒரு சின்ன வீட்டு மனை அளவு காணியும் ஒரு வீடும் கொடுக்கும். அன்றைக்குப் பெயர் அங்கே இல்லாவிட்டால் நம் பங்கு போய்விடும். தேர்தலுக்குத் தேர்தல் இந்தப் பேச்சு வரும். பேச்சு வரும்போதெல்லாம் பெயரை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொள்வோம்.

என் கணவர் கொழும்பில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் வேலை செய்கிறார், மாதம் ஒருமுறை வருவார். அவருடைய அடையாள அட்டையிலும் இதே விலாசம்தான். கல்யாணம் முடிந்ததும் அவரையும் கீழ்ப்பிரிவில் பதிய வைத்தவள் நான்தான். ஒரு பெயர் கூடினால் நல்லது என்று அப்போது எல்லோரும் என்னைக் கெட்டிக்காரி என்றார்கள்.

மாடிப்படி

ஃப்ரிட்ஜ் எதற்கு என்று சொல்லவில்லை.

என் ஒரே மகள் ஷெரினுக்குப் பத்து வயதிலிருந்து சீனி வியாதி. தினமும் இன்சுலின் ஊசி. இப்போது பதினைந்து வயது, தானே போட்டுக்கொள்கிறாள். மருந்து மாதத்துக்கு ஒரு தடவை கிளினிக்கில் கிடைக்கும். திறந்த போத்தலை வெளியே வைக்கலாம். திறக்காததைக் குளிரில்தான் வைக்க வேண்டும். மலைக்குளிர் உள்ள பண்டாரவளையில் இருந்திருந்தால் ஜன்னலோரக் குளிரை நம்பியாவது மனதைத் தேற்றிக்கொண்டிருப்பேன். பதுளை பள்ளத்தில் இருக்கிற ஊர். நாங்கள் இருப்பதோ மாடி. மத்தியானத்தில் தகரக் கூரை நடுவீட்டுக்குள் வந்து உட்கார்ந்த மாதிரி இருக்கும்.

எங்கள் பழைய ஃப்ரிட்ஜ், கரண்ட் போய்த் திரும்பி வந்த ஒரு பின்னேரம் புகைந்து நின்றுவிட்டது. பழுது பார்க்க வந்தவர் பின்பக்கம் குனிந்து முகர்ந்து பார்த்தார். தலையை ஆட்டிவிட்டு, டீயைக் குடித்துவிட்டுப் போனார்.

அன்றிலிருந்து மருந்து, கீழே வீட்டுக்கார சோமா அக்காவின் ஃப்ரிட்ஜில். பழைய ஐஸ்கிரீம் டப்பாவுக்குள் வைத்து, மேலே ஷெரினின் பெயரைச் சிங்களத்தில் எழுதி, அவர்களுடைய மீன் சட்டிக்குப் பக்கத்தில் ஒரு மூலை. சோமா அக்கா நல்ல மனுஷி. முகம் கோணியதில்லை. ஆனால் இன்னொருவர் வீட்டு ஃப்ரிட்ஜில் பிள்ளையின் உயிர் இருந்தால் தாய்க்கு எப்படி இருக்கும்? அவர்கள் வெளியே போகிற சத்தம் கேட்டால் நான் மாடிப்படியில் நிற்பேன். கரண்ட் போனால் நிற்பேன். டப்பா இருந்த இடத்திலேயே இருக்கிறதா என்று பார்ப்பதற்காக ஒரு சீப்பு வாழைப்பழம், கொஞ்சம் கறிவேப்பிலை என்று எதையாவது எடுத்துக்கொண்டு இறங்குவேன்.

"அம்மா, ஒரு போத்தலுக்கு எத்தன சீப்புன்னு முடிவு பண்ணிருங்க. சோமா ஆன்ட்டி பழக்கடை போட்டுருவாங்க," என்பாள் ஷெரின்.

அவளுக்குச் சிரிப்பு. நான் அதற்குள் பாதிப் படி இறங்கியிருப்பேன்.

சேமிப்பு இருந்ததா என்று கேட்பீர்கள். கூரை ஒழுகலுக்கும் கணவரின் முதுகு வைத்தியத்துக்கும் போனது போக ஒன்றும் இல்லை. அதனால்தான் தவணை. பண்டாரவளையில் வேறொரு கடைக்கும் போய்க் கேட்டேன். அடையாள அட்டையை வாங்கிப் பார்த்தவர், நான் டீச்சர் என்று சொன்னதைக் கேட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை. "தோட்டமா?" என்றார். அவ்வளவுதான்.

யார் முறை இன்றைக்கு

கட்டாமல் விட்டவர்கள் யார் என்று தெரிந்துகொள்ள வேண்டும் போலிருந்தது. தெரிந்து என்ன செய்யப் போகிறேன் என்று யோசிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பஸ் ஏறி ஹாலிஎலையில் இறங்கி, கீழ்ப்பிரிவுக்கு நடந்தேன். என் தம்பி அந்தோணி இன்னும் நாங்கள் வளர்ந்த அதே காம்பராவில் இருக்கிறான். தோட்டத்தில் கவ்வாத்து வெட்டுகிற வேலை. தேயிலைச் செடியை அளவாகக் கழித்துவிடுகிற வேலை அது; அவன் கைகளில் எப்போதும் கீறல் இருக்கும்.

பைப்படியிலேயே விஷயத்தைச் சொல்லிவிட்டேன். கோபமாகத்தான் சொன்னேன். பக்கத்துக் காம்பரா பவளம் வாளியை இறக்கி வைத்தாள்.

"அப்ப நம்ம எல்லாம் ஒரே வீட்டு ஆளுங்களா டீச்சர்?"

"கம்பியூட்டர் அப்படித்தான் சொல்லுது."

"நல்லதாப் போச்சு. இன்னிக்குச் சோறாக்க யாரு முறைன்னு அதுகிட்டயே கேட்டுச் சொல்லுங்க. எனக்கு இடுப்பு வலி."

பைப்படியே சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். அதற்குப் பிறகு கோபத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

யார் கட்டவில்லை என்று அவர்களே மறைக்காமல் சொன்னார்கள். சாமான் விலையெல்லாம் ஏறிய அந்தக் கெட்ட காலத்தில் வேலை நாளும் குறைந்துவிட்டது. பிள்ளைகள் படிக்க எடுத்த ஃபோன், சந்தோஷத்துக்கு எடுத்த டிவி, எதற்கும் கட்ட முடியவில்லை. கடையில் இருந்து வேன் வந்து சிலரது சாமானைத் தூக்கிக்கொண்டு போனது. சாமான் போன பிறகும் விலாசம் மட்டும் கொழும்பில் எங்கேயோ மாட்டிக்கொண்டு நிற்கிறது. அது அவர்களுக்கும் அன்றைக்குத்தான் தெரியும்.

காம்பராவுக்குள் வந்ததும் அந்தோணி கதவைச் சாத்தினான்.

"விலாசத்த மட்டும் மாத்திராதக்கா."

"ஏன்டா? நான் இங்கயா இருக்கேன்?"

"நீ இல்லாட்டியும் பேரு இருக்கணும். பேரு கூடுனாத்தான் எடம் கூடும்."

"பாப்பாவுக்கு மருந்து வைக்க எடம் வேணும் அந்தோணி."

"ஃப்ரிட்ஜு பத்து வருசம் ஓடும். காணி அப்படியா?"

"காணி எங்கடா இருக்கு?"

அவன் ஜன்னலைத் திறந்து, பைப்படிக்கு மேலே போகும் சரிவை முகவாயால் காட்டினான். தேயிலை கைவிடப்பட்டு மானாப்புல் மண்டிக் கிடந்த இடம். "அந்தா. அதத்தான் தரப் போறாங்களாம்."

"யாரு சொன்னா?"

"எல்லாருந்தான் சொல்லுறாங்க."

இன்னொரு தடவை கடைக்குப் போய் நின்று சத்தமாகக் கேள், கொடுப்பார்கள் என்றான். தலையாட்டிவிட்டு இறங்கி வந்தேன். பஸ்ஸில் வரும்போது அவன் சொன்னது சரிதான் என்று தோன்றியது. வீட்டுப் படி ஏறும்போது தோன்றவில்லை.

பூட்டு

அடுத்து வந்த போயா, பௌர்ணமி விடுமுறை தினத்தன்று காலையில் ஷெரினின் கையிலிருந்து மருந்துப் போத்தல் நழுவி, சீமெந்துத் தரையில் விழுந்து உடைந்தது. இன்சுலினுக்கு ஒரு வாசம் உண்டு, ஆஸ்பத்திரி வாசம். அந்த வாசம் அறை முழுக்க எழுந்தது. பரவாயில்லை, கீழே இருக்கிறதே என்று இறங்கினேன்.

கீழ் வீட்டுக் கதவில் பூட்டுத் தொங்கியது. சோமா அக்கா குடும்பத்தோடு விடியும் முன்னே மஹியங்கனை விகாரைக்குப் போய்விட்டிருந்தார். பக்கத்து வீட்டில்தான் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். ஃபோன் எடுத்தால் தொடர்பு இல்லை.

சமையலறை ஜன்னல் கம்பி வழியாகப் பார்த்தேன். ஃப்ரிட்ஜ் தெரிந்தது. அதன் மோட்டார் நிதானமாக ஓடிக்கொண்டிருக்கும் சத்தம்கூடக் கேட்டது. நான் கம்பியைப் பிடித்து ஆட்டினேன். ஆசிரியை ஒருத்தி, நல்ல சேலை கட்டிக்கொண்டு, ஊரான் வீட்டு ஜன்னலைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தேன்.

"அம்மா, கம்பிய விடுங்க," என்றாள் ஷெரின் பின்னால் இருந்து. "ஆஸ்பத்திரி இங்கதானே இருக்கு."

ஆமாம், இருந்தது. திரீவீலரில் போய்ச் சேர்ந்தோம். சீனி ஏறியிருந்தது, ஆனால் பயப்படும்படி இல்லை என்றார்கள். ஊசி போட்டு, கொஞ்ச நேரம் இருக்கச் சொல்லி, மருந்தும் கொடுத்து அனுப்பினார்கள். திரும்பும் வழியில் ஷெரின் என் கையைப் பிடித்துக்கொண்டாள். 

நாங்கள் தோட்டத்தில் இருந்திருந்தால்? ஹாலிஎலைக்கு இறங்கி, அங்கிருந்து பஸ்ஸோ வேனோ பிடித்து... அந்தக் கணக்கை இப்போதும் இடையில் நிறுத்திவிடுகிறேன்.

பொழுது சாயும்போது சோமா அக்கா கையில் தாமரை மொட்டுகளோடு வந்தார். நடந்ததைச் சொன்னேன். குற்றமாகச் சொல்லவில்லை. ஆனாலும் அவர் எங்கள் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். விலாசம் மாற்றுவதற்காக, தன் வீட்டில் நான் குடியிருப்பதாக ஒரு கடிதம் தரும்படி முன்பு அவரிடம் கேட்டிருந்தேன். வாடகைக்கு இருப்பவர் பெயரை வீட்டில் பதிந்தால் நாளைக்கு வீடே போய்விடும் என்று அவருடைய மகன் மறுத்திருந்தார். மறுநாள் காலை அந்தக் கடிதம், சோமா அக்காவின் வட்டமான சிங்களக் கையெழுத்தோடு, ஐஸ்கிரீம் டப்பாவின் மேல் இருந்தது. மகனிடம் கேட்டாரா என்று நான் கேட்கவில்லை.

தங்கச்சி

முதலில் பழைய இடத்துப் பதிவில் பெயரை நீக்க வேண்டும். ஹாலிஎலையில் எங்கள் தோட்டத்துக்குப் பொறுப்பான கிராம சேவகர், எங்கள் பேச்சில் ஜி.எஸ்., வயதானவர், சிங்களவர், தமிழ் நன்றாகப் பேசுவார். பெயரைச் சேர்க்கச் சொல்லி நிறையப் பேர் வருவார்கள், வெட்டச் சொல்லி யாரும் வந்ததில்லை என்றார். நன்றாக யோசித்தீர்களா என்று இரண்டு தடவை கேட்டார். கேட்ட பிறகு பேனாவால், ஸ்கேல் வைத்து, நேராக ஒரு கோடு போட்டார். என் பெயர் மேல், என் கணவர் பெயர் மேல். கணவரிடம் ஃபோனில் ஏற்கனவே கேட்டிருந்தேன். பிள்ளைக்குத்தானே, செய் என்றார்.

தம்பியிடம் சொல்லவில்லை. கீழ்ப்பிரிவு அங்கிருந்து நடக்கும் தூரம்தான். ஆனாலும் பதுளை பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

புதுப் பதிவு வந்ததும் ஷெரினைக் கூட்டிக்கொண்டு அதே கடைக்குப் போனேன். அதே இளைஞர். வீட்டு இலக்கம், வீதியின் பெயர், பதுளை என்று அவர் தட்டத் தட்ட அவருடைய விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவை நிற்கவில்லை. "எடுத்துருச்சு டீச்சர்," என்றார். அவருக்கும் சந்தோஷம்தான்.

"உங்களோட இல்லாத ஒரு சொந்தக்காரர் பேரும் விலாசமும் சொல்லுங்க. சும்மா ஒரு தொடர்புக்கு."

"அந்தோணி. என் தம்பி," என்றேன். "கீழ்ப்பிரிவு..."

விரல்கள் நின்றன.

"அந்த விலாசம் வேணாம் டீச்சர். மறுபடி மாட்டிக்கும். டவுன்ல யாரும் இல்லையா?"

டவுனில் எனக்குச் சொந்தம் என்று யார்? என்னோடு படிப்பிக்கிற நூர்ஜஹான் டீச்சரின் பெயரைச் சொன்னேன். என்ன உறவு என்று அவர் கேட்கவில்லை. "தங்கச்சின்னு போட்டுர்றேன்," என்றார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே.

மறுநாள் ஸ்டாஃப் ரூமில் சொன்னபோது நூர்ஜஹான் டீச்சர் விழுந்து விழுந்து சிரித்தார். "அப்ப சீதனத்துல என் பங்கு எங்க அக்கா?" என்றார். என்னால் அந்தச் சிரிப்பில் பாதிவரைதான் போக முடிந்தது. முந்தின நாள் கடையிலிருந்து வந்து வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஷெரின், "மாமாவுக்குத் தெரியுமா?" என்றாள்.

பென்சில்

ஃப்ரிட்ஜ் வந்தது. ஐஸ்கிரீம் டப்பாவைக் கீழிருந்து மேலே கொண்டுவந்து, ஷெரின் நடுத்தட்டில் தனியாக வைத்தாள். வேறு எதையும் அதன் பக்கத்தில் வைக்க விடவில்லை. சோமா அக்கா வந்து பார்த்துவிட்டு, ஒரு சீப்பு வாழைப்பழம் தந்துவிட்டுப் போனார்.

அந்த வாரமே ஒரு பின்னேரம் அந்தோணி ஃபோன் எடுத்தான்.

"ஃப்ரிட்ஜ் வந்துருச்சாமே? பாப்பா சொல்லுச்சு. சத்தமா கேட்டா குடுப்பாங்கன்னு நான் சொன்னேன்ல?"

"ம்."

"இங்கயும் நல்ல சேதிக்கா. இன்னிக்கு ஒரு ஐயா வந்து காணிக்குப் பேரு எழுதிட்டுப் போனாரு. ஒன் பேரு, மச்சான் பேரு, பாப்பா பேரு எல்லாம் குடுத்துட்டேன். நம்ம காம்பராவுலதான் ஆள் கூட."

அவன் குரலில் அவ்வளவு உற்சாகத்தை நான் கேட்டு வருடங்கள் ஆகியிருக்கும். சொல்லாமல் விட்டுவிடலாம் என்று ஒரு நிமிடம் நினைத்தேன். சமையலறையில் ஃப்ரிட்ஜின் மோட்டார் ஓடத் தொடங்கியது.

"அந்தோணி, எங்க பேரு அங்க இல்லடா. நான் ஜி.எஸ்.கிட்ட போய் வெட்டிட்டேன். அதனாலதான் கடையில குடுத்தாங்க."

அந்தப் பக்கம் பைப்பில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. பவளம் யாரையோ வாளியை எடுக்கச் சொல்லித் திட்டுவது கேட்டது.  

"பாப்பாவுக்காகத்தானே," என்றான் கடைசியில். "விடுக்கா. அந்த ஐயா மறுபடி வருவாரு. அழிக்கச் சொல்லிர்றேன். லேசுதான், பென்சில்லதான் எழுதுனாரு."

"எங்க பேர மட்டுமா பென்சில்ல எழுதுனாரு?"

"இல்லக்கா," என்றான். "எல்லாரு பேரையுந்தான்."